அலரும் அறமும்: ஜான்சி ராணிப் படைப் பெண்களைச் சிங்கப்பூர் எடைபோட்ட வரலாறு

தேக்காவிலிருந்து சிலிகி சாலை வழியாக நடப்போர் கால் மணி நேரத்தில் வாட்டர்லூ தெருவை அடைவர். குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் அருகருகே அமைந்த தெரு அது. சீனரும் தமிழரும் இரு வாயில்களிலும் கைகூப்பிச் செல்லும் காட்சியை அங்கு நாள்தோறும் காணலாம். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அத்தெருவில் ஒரு படைப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. முகாமில் அணிவகுத்து நின்றோர் ஏறத்தாழ 150 இளம்பெண்கள். இந்தியத் தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப்பிரிவினர் அவர்கள். வீட்டை விட்டு வந்து முகாமில் தங்கினர்; சேலைக்கு மாற்றாகக் காற்சட்டை அணிந்தனர்; துப்பாக்கி பிடிக்கக் கற்றனர்; பலர் தம் நீண்ட கூந்தலையும் கத்தரித்துக்கொண்டனர்.

இச்செயல்களுள் ஏதேனும் ஒன்றை, நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலையில் வாழ்ந்த ஒரு தமிழ்ப்பெண் செய்திருந்தால் ஊர் அவளை என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1943இல் அதே ஊர் அப்பெண்களுக்கு மாலை சூட்டியது. 1945இல் போர் முடிந்தபின் அவர்களைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டது. ஒரே செயல் முதலில் இழுக்காகவும், பின்னர்ப் பெருமையாகவும், அதன்பின் பேசாப் பொருளாகவும் ஆயிற்று. பெண்களின் செயல் மாறவில்லை, மாறியது தீர்ப்பு. அது ஏன் மாறியது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் தரும் இரு சொற்கள்

ஆய்வைத் தொடங்குமுன், நம் இலக்கண மரபு தரும் இரு சொற்களை நினைவிற்கொள்வது பயனுடையது. ஒன்று, அலர். ஓர் இளம்பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் தமக்குள் பேசிப் பரப்புவது அலர். அதற்குச் சான்று வேண்டுவதில்லை. பேசுவோருக்குப் பொறுப்பும் இல்லை. மற்றொன்று, அறத்தொடு நிற்றல். தலைவியின் உள்ளத்தை அறிந்த தோழி அதனைச் செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். நற்றாய் வழியே அது தந்தைக்கும் தமையன்மாருக்கும் எட்டும். பெண்ணின் பக்கம் நின்று, அவளுடைய தேர்வு முறையானதே என்று வீட்டாரை ஒப்பச் செய்யும் செயலுக்குத் தமிழ் இலக்கணம் 'அறம்' என்னும் சொல்லையே சூட்டியிருக்கிறது.

தலைவனுடன் ஊரைவிட்டு அகன்ற மகளைத் தேடிச் செவிலி வழியில் அலைவதையும், எதிர்ப்பட்டோர் அவளைத் தேற்றுவதையும் கலித்தொகையின் பாலைப்பகுதி பாடுகிறது. வீடு துறந்து போன மகளைப் பற்றி ஒரு தாய் கலங்குவதையும், அவள் சென்றது முறையே என்று அந்நியர் எடுத்துரைப்பதையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்க்க நம் முன்னோர்க்கு முடிந்தது. சுதந்திர மனம் படைத்த பெண்ணைப் பற்றிய வாதம் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. அது நம் இலக்கியத்தின் பழஞ்சொத்து.

ஆண்கள் நிறைந்த ஊர்

இனி, போருக்கு முந்திய சிங்கப்பூரைக் காண்போம். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கு வாழ்ந்த இந்தியருள் 1,000 பெண்களுக்கு 5,000க்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர். துறைமுகத்திலும் நகராண்மைப் பணியிலும் கடைகளிலும் உழைத்தோருள் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். இத்தகைய ஊரில் தெருவில் நடந்து செல்லும் ஒரு பெண் எவர் கண்ணிலும் படாமல் செல்ல இயலாது. பெண்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தமையால் ஒவ்வொருத்தியின் நடையும் உடையும் பேச்சும் சமூகத்தின் மானத்திற்கு அளவுகோலாக்கப்பட்டன. தாயகத்தை விட்டு வந்த சமூகங்கள், தாம் இழக்க அஞ்சும் மரபையெல்லாம் தம் பெண்கள்மீது ஏற்றிவைப்பது உலகெங்கும் காணும் இயல்பு.

சீர்திருத்தக் குரலும் அதே காலத்தில் எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் ஒவ்வாத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்குத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அவரே 1937இல் லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்ணை மணந்தார். ஆக, 1943க்கு முன்பே பெண்ணுரிமை பற்றிய சொற்கள் இவ்வூர்த் தமிழர் செவிக்குப் பழகியிருந்தன. எனினும், மேடையில் ஒப்புக்கொண்ட கொள்கையைத் தன் மகள் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் ஒப்புக்கொள்வது வேறு செய்தி.

மருத்துவர் லட்சுமி

1940இல் சென்னையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் சிங்கப்பூருக்கு வந்தார். பெயர் லட்சுமி சுவாமிநாதன், 1914இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றவர். தந்தையார் சுவாமிநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர், தமிழ்ப் பிராமணர். தாயார் அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த நாயர் குடும்பத்தவர். பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானவர். நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய், லட்சுமியின் தங்கை.

லட்சுமி சிங்கப்பூருக்கு வருமுன்பே ஒரு விமான ஓட்டியை மணந்து, அம்மணவாழ்வு பொருந்தாமல் பிரிந்திருந்தார். இங்கு இரண்டு மரபுகள் மோதுவதைக் கருத வேண்டும். தாய்வழிச் சமூகத்தின் பழைய வழக்கில், பொருந்தாத உறவிலிருந்து பெண் விலகுவது அவளுக்கு மாசு சேர்ப்பதன்று. அவள் தன் தறவாட்டிலேயே மதிப்போடு வாழ்ந்தாள். தந்தைவழி மரபிலோ திருமணம் முறிக்கவொண்ணாத சடங்கு. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணமுறிவை அனுமதிக்கும் பொதுச் சட்டம் 1949இல்தான் வந்தது. எனவே, ஒரே பெண்ணின் ஒரே செயல் பாட்டி வீட்டில் இயல்பானதாகவும், தந்தை வழி உறவினர்க்குப் பழியாகவும், நீதிமன்றத்தில் தீர்வில்லாததாகவும் இருந்தது. 'நம் பண்பாடு இதை ஏற்காது' என்று சொல்வோர், எந்தப் பண்பாடு என்று முதலில் விளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று அரிது.

கணவனைப் பிரிந்து, கடல் கடந்து, தனியே தொழில் நடத்திய இப்பெண் சிங்கப்பூரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்து, இந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்தார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின்பும் அவர் இங்கேயே தங்கினார்.

இருபது பெண்களும் ஓர் அணிவகுப்பும்

1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஜூலை 9 அன்று பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில், ஜான்சி ராணியின் பெயரால் பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று அறைகூவினார். மூன்று நாள் கழித்து மகளிர் கூட்டம் ஏற்பாடாயிற்று. அதில் தலைவருக்குப் பெண்களே ஆயுதம் ஏந்தி மரியாதை அணிவகுப்பு அளிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. லட்சுமி வீடு வீடாகச் சென்று இருபது பெண்களைத் திரட்டினார். கனமான துப்பாக்கிகளைத் தாங்கி, சேலை உடுத்திய இருபதின்மரும் அன்று அணிவகுத்தனர். இதன்பின் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைத் தலைவர் எல்லப்பா வாயிலாக லட்சுமி போசைச் சந்தித்தார். படையின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசில் இடம்பெற்ற ஒரே பெண் அமைச்சரும் அவரே.

இருபது பேரைத் திரட்டுவதற்கே வீடு வீடாகச் செல்ல வேண்டியிருந்தது. அறைகூவல் எழுந்தவுடன் ஊரே மாறிவிட்டது என்று கருதுவது பிழை. தயங்கிய பெற்றோர் இருந்தனர். அவர்தம் தயக்கம் முழுவதும் பழமைப்பற்றும் அன்று. ஆக்கிரமிப்புக் காலத்தில் தம் பெண்பிள்ளைகளைப் பற்றிய அச்சம் எல்லாப் பெற்றோர் நெஞ்சிலும் இருந்தது.

தந்தையின் கையொப்பம்

படையில் சேரும் விண்ணப்பத்தில் தந்தையோ கணவரோ கையொப்பமிட வேண்டும் என்பது விதி. நாட்டு விடுதலைக்கு உயிரைத் தர முன்வந்த பெண்ணும், தன் வீட்டாரின் ஒப்புதல் இன்றி முகாமுக்குள் நுழைய இயலவில்லை.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் 1925இல் பிறந்தவர். வசதி படைத்த தமிழ்க் குடும்பத்துப் பெண். போசின் உரையைக் கேட்ட அவர், தம் காதணிகளைக் கழற்றி நன்கொடையாக அளித்தார். பின்னர்ப் படையில் சேரவும் விழைந்தார். தந்தையார் முதலில் இசையவில்லை. லட்சுமி அவர்கள் இல்லத்திற்குத் தேநீர் விருந்துக்கு அழைக்கப்பட்டார். அவருடன் உரையாடியபின் தந்தையார் கையொப்பமிட்டார். ஜானகிக்கு அப்போது பதினெட்டு வயது.

அறத்தொடு நிற்றல் என்பதன் பொருளை வகுப்பறையில் விளக்க இதனினும் ஏற்ற வரலாற்றுச் சான்று கிடைப்பது அரிது. ஊர் அலர் தூற்றிய வாழ்க்கையை உடைய ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்காக ஒரு தந்தையின் முன் அமர்ந்து பேசுகிறாள்; அவர் ஏற்கிறார். மேடைப் பேச்சு தொடங்கிவைத்ததை, வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த அவ்வுரையாடல் முடித்துவைத்தது.

ஈப்போவைச் சேர்ந்த ராசம்மாளும் அவர் தமக்கை பொன்னம்மாளும் இவ்வாறே படையில் சேர்ந்தனர். ராசம்மாளுக்கு அப்போது பதினாறு வயது. அவரே பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று அறியப்பட்ட ஆசிரியர். 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆணுக்கு நிகரான ஊதியம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடியவர்.

பெருமைக்குள் இருந்த எல்லை

இவ்வரலாற்றை முழு விடுதலைக் கதையாகச் சொல்லிவிடலாகாது. படைப்பிரிவில் ஆயிரம் பெண்கள் இருந்தனர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பிற்கால ஆய்வு ஒன்று அத்தொகையை ஏறத்தாழ 450 என மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். ஆக்கிரமிப்பில் ரப்பர் வணிகம் குலைந்தது. தோட்டங்களில் பசி பரவியது. ஆடவர் பலர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நிலையில் உணவும் காப்பும் உடைய முகாமுக்கு ஒரு பெண் வருவதை, நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லால் மட்டும் விளக்குவது அவளுக்கு நீதி செய்வதாகாது. பிழைப்பும் பற்றும் துணிவும் கலந்த முடிவு அது.

படைக்குள்ளும் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. முகாமைச் சுற்றிக் காவல் இருந்தது. வெளியே செல்ல அனுமதி வேண்டும். மகளின் மானத்தைக் காக்கும் பொறுப்பைத் தந்தை, தலைவரிடம் ஒப்படைத்தார் என்றே கூறலாம். பழைய விதி முற்றும் நீங்கிவிடவில்லை. வீட்டிலிருந்து முகாமுக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் அவ்விடப்பெயர்ச்சிக்குள் பெண்கள் கற்றவை பல. சாதி, சமய, மொழி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் உறங்கினர். வழக்கறிஞர் மகளும் பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகளும் ஒரே வரிசையில் நின்றனர்.

வேறு இரு தரப்பினரும் இப்பெண்களை எடைபோட்டனர். ஜப்பானியத் தளபதிகள் பெண்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் அளிப்பது வீண் என்று கருதினர். முகாம் அமைக்க ஒத்துழைக்கவும் தயங்கினர். ஆங்கில அரசு, 1945இல் பர்மாவில் பிடிபட்ட லட்சுமியை அடுத்த ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவுக்கு அனுப்பியது; செங்கோட்டையில் ஆண் அதிகாரிகள்மீது வழக்கு நடத்திய அவ்வரசு, அவர்மீது வழக்குத் தொடரவில்லை. ஒரு பேரரசு பெண்ணை வீரராகவே ஏற்கவில்லை. மற்றொரு பேரரசு அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் விரும்பவில்லை. இரு தரப்பாருக்கும் தத்தம் தேவையே அளவுகோலாக இருந்தது.

போருக்குப் பின் வந்த மௌனம்

1944இல் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குச் சென்றது. போர்முனைத் தாக்குதலில் இறங்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. மேமியோ மருத்துவமனையில் காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்தனர். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் நடந்தனர். இரயிலில் சென்ற ஒரு குழு தாக்கப்பட்டு இரு பெண்கள் உயிர் துறந்தனர்.

போர் முடிந்தது. எஸ்பிளனேடில் எழுப்பப்பட்ட இந்தியத் தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, மீண்டும் வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். அவ்விடத்தைக் குறிக்கும் நினைவுப் பலகை 1995இல்தான் வைக்கப்பட்டது. லட்சுமி 1947இல் பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். முதுமையிலும் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1998இல் பத்ம விபூஷண் பெற்றார். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்துப் போட்டியிட்டார். 2012இல் மறைந்தார். ஜானகி மலாயாவின் அரசியலிலும் சமூகப் பணியிலும் உயர்ந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றோரின் நினைவுகள் நூலாகவும் நேர்காணலாகவும் எஞ்சியுள்ளன. தோட்டங்களுக்குத் திரும்பிய தமிழ்ப் பெண்களோ மிகச் சிலவற்றையே எழுத்தில் விட்டுச் சென்றனர். முகாமில் சில காலம் வாழ்ந்த மகளுக்கு மணமகன் தேடும்போது அப்பேச்சை எடுக்காதிருப்பதே நலம் என்று வீட்டார் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. தேவை தீர்ந்ததும் பெருமையும் அடங்கிவிட்டது.

காரணம் கேட்காத உரிமை

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? 1943இல் பெண்ணின் சுதந்திரத்திற்கு ஊர் ஒப்பியது, அதற்கு ஒரு பெருங்காரணம் இருந்தமையால். நாட்டுக்காக என்றால் வீட்டை விட்டுப் போகலாம்; தனக்காக என்றால் கூடாது. இவ்வகை ஒப்புதல் அருளப்படுவது. எனவே திரும்பப் பெறவும் படுவது. உரிமை என்பது அத்தகையதன்று.

சிங்கப்பூரில் அந்த உரிமை சட்ட வடிவம் பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மகளிர் மன்றமும், அதனை முன்னின்று நடத்திய, பம்பாயில் பிறந்த ஷிரின் போஸ்தார் போன்றோரும் பலதார மணத்துக்கு எதிராக ஓயாது குரல் கொடுத்தனர். 1961இல் மாதர் சாசனம் நிறைவேறி அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்கள் அல்லாதார்க்கு ஒருதார மணம் சட்டமாயிற்று. மணமான பெண் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளவும், தொழில் செய்யவும், சொத்து வைத்திருக்கவும் உரிமை உறுதியாயிற்று. இவ்வுரிமையைப் பெற ஒரு பெண் வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. நல்லவள் என்று ஊர் சான்றளிக்க வேண்டியதும் இல்லை.

எனினும் சட்டம் அலரை நிறுத்துவதில்லை. தலைமுடியின் நீளம், உடையின் அளவு, வீடு திரும்பும் நேரம், உடன் செல்வோரின் இனம் ஆகியவற்றால் இளம்பெண்ணை அளக்கும் பழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. பெற்றோரின் கவலையை இகழ்வதும் தீர்வாகாது. 1943இல் கையொப்பமிடத் தயங்கிய தந்தையர் அனைவரும் கொடியவர் அல்லர். அவர்களிடம் நேரில் சென்று பேச ஒருவர் இருந்ததே அன்று வேறுபாட்டை உண்டாக்கியது.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை மாணவரிடம் கொண்டுசெல்லும்போது ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். லட்சுமியின் வாழ்க்கையை இரு பகுதியாகப் பிரித்து, பெயரைச் சொல்லாமல், முதலில் 1940 வரையுள்ள செய்தியை மட்டும் கூறுக: கணவனைப் பிரிந்தவள், தனியே வெளிநாடு சென்றவள். மாணவர் தீர்ப்பைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் 1943ஐக் கூறுக. எத்தனை தீர்ப்புகள் மாறுகின்றன என்று பார்த்து, மாறியதற்கான காரணத்தை அவர்களையே எழுதச் சொல்லுக. இரண்டாம் பகுதி நிகழாமலே போயிருந்தாலும் அப்பெண் மதிப்புக்குரியவளே என்று ஒரு மாணவர் எழுதுவாராயின், அறத்தொடு நிற்றல் என்னும் துறையை அவர் உண்மையாகவே கற்றுவிட்டார் எனலாம்.

வாட்டர்லூ தெருவில் இன்றும் இளம்பெண்கள் பலர் நடந்து செல்கின்றனர். எந்த நாட்டின் விடுதலைக்காகவும் அவர்கள் அவ்வழியே செல்லவில்லை. கல்லூரிக்கோ வேலைக்கோ தோழியரைக் காணவோ செல்கின்றனர். அவர்கள் செல்வதற்கு அக்காரணம் போதும்.